தண்ணி நிற்க வேண்டும்

பார்சல் ஆபீஸ் தனசிங் ஒரு கிளாஸ் சாராயம் குடித்தால் அவர் வீட்டுக் கிணற்றில் நாலு விரற்கடை தண்ணீர் இறங்கும். எங்கே வைத்துக் குடித்தாலும் இறங்கும். மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து பிரிந்து ஏரிப்பக்கம் போகும் தெருவில், அறுபத்தாறாம் வருஷம் ஆனி மாதம் தொடங்கி எட்டு வருஷம் இது நடந்தது. நாலு கிளாசுக்கு ஓர் உறை என்பது தெருக்கணக்கு. உறை என்றால் கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருக்கும் சிமெண்டு வளையம், ஓர் அடி உயரம். அந்தக் கிணற்றில் முப்பத்தாறு உறைகள் இருந்தன. கத்திரி வெயிலிலும் பாதிக் கிணறு நிற்கும். பருப்பு ஒரு கொதியில் வெந்துவிடும், அப்படிப்பட்ட தண்ணீர். மனையை விற்ற துளசிங்கம், “மனை சும்மா சார், நீங்க குடுக்கிற காசு கெணத்துக்குத்தான்” என்று சொல்லித்தான் விற்றார். பக்கத்து வீட்டுச் சுந்தரவல்லிக்குச் சொந்தக் கிணறு கிடையாது. அவளும் இதில்தான் இறைத்தாள், அவளோடு இன்னும் நாலைந்து வீடுகளும்.

தனசிங் கெட்ட மனுஷர் என்று யாரும் சொன்னதில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, முழங்கைவரை மடித்த கை, காதில் பென்சில். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுவார். அவர் பாடினால் முன்வரிசை பெஞ்சு அதிரும் என்பார்கள். மனைவி தபீதாள் தையல் மெஷின் வைத்து அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்தாள். ஒரே மகள் ஜெயசீலி. இவ்வளவு இருந்தும் ஏன் குடித்தார் என்பதற்குத் தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவரிடம் ஒன்றுகூட இல்லை. மதுவிலக்குக் காலம் அது. ஏரிக்கரையில் கிளியம்மாள் மணலுக்குள் பானை புதைத்து விற்றாள். முதலில் சம்பளத் தேதியில் போனார், பிறகு சனிக்கிழமைகளில் போனார், பிறகு எந்தக் கிழமை என்று கேட்க வேண்டியதில்லாமல் போயிற்று.

தபீதாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. தாயிடம் சொல்லவில்லை, சுந்தரவல்லியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதிலேயே அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. கடைசியில் கர்த்தரிடம் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். கோயில் வாசலில் விண்ணப்பப் பெட்டி ஒன்று இருந்தது. சபையார் தங்கள் குறையைச் சீட்டில் எழுதிப் போட்டால், ஆராதனை நேரத்தில் சபைப் போதகரான ஐயர் எடுத்து வாசித்து ஜெபிப்பார். சீட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தவளுக்குக் குடி என்ற வார்த்தையை எழுதக் கை வரவில்லை. சபையில் முன்னூறு பேர் கேட்பார்களே. வீட்டுக்காரர் என்று எழுதினாலும் விஷயம் தெரிந்துவிடுமே. ஊரில் எல்லோரும் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தையைப் போட்டாள். “எங்கள் வீட்டில் தண்ணி நிற்க வேண்டும். ஜெபிக்கவும்” என்று எழுதி, கீழே பெயரும் போட்டு, நாலாக மடித்துப் பெட்டியில் இட்டாள்.

வேதசிரோமணி ஐயர் அப்போது சபைக்குப் புதிது. தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர், பனங்காட்டில் பிறந்தவர். அவர் பிறந்த ஊரில் கள்ளைக் கள் என்பார்கள், சாராயத்தைச் சாராயம் என்பார்கள். மரியாதை வார்த்தையெல்லாம் அவருக்குத் தெரியாது. தண்ணி என்று எழுதியிருந்ததைத் தண்ணீர் என்று திருத்தி வாசித்தார். நின்றுபோக வேண்டும் என்று அவள் எழுதியதை, கிணற்றில் தங்கி நிற்க வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். “நம் சகோதரி தபீதாள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நிற்பதில்லை என்கிறார்கள்” என்று ஆரம்பித்து, ஈசாக்கு தோண்டிய துரவுகளையும் மோசே அடித்த கன்மலையையும் சொல்லி, கண்ணில் நீர் வர ஜெபித்தார். நல்ல ஜெபம் என்று பின்னால் எல்லோரும் மெச்சினார்கள். முன்னூறு பேர் ஆமென் சொன்னார்கள். அதில் அடிக்குரல் ஆமென் ஒன்று தனியாகக் கேட்டது. அது தனசிங்குடையது.

தபீதாள் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தாள். ஐயா, அந்தத் தண்ணி இல்லை, மற்ற தண்ணி என்று ஒரு வரி சொன்னால் போதும். முழங்கால் நிமிர்வதற்குள் ஆர்மோனியம் அடுத்த பாட்டை எடுத்துவிட்டது. உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாதி எழுந்ததைப் பற்றி அவள் பிறகு எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். மேலே இருக்கிறவருக்குச் சீட்டில் எழுதியிருந்ததும் தெரிந்தது, ஐயர் கேட்டதும் காதில் விழுந்தது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே உத்தரவாகப் போட்டுவிட்டார் என்று தெருவில் பின்னால் பேசிக்கொண்டார்கள். எது எப்படியோ, அன்று சாயங்காலம் தனசிங் ஏரிக்கரைக்குப் போய்விட்டு வந்தபோது கிணற்றில் ஓர் உறை குறைந்திருந்தது.

ஒரு வருஷம்வரை அது ஏன் குறைகிறது என்று யாருக்கும் புரியவில்லை. மழை பெய்தால் ஏறுகிறது, இரண்டே வாரத்தில் இறங்கிவிடுகிறது. ஊற்றுக்கண் அடைத்திருக்கும் என்று தூர் வார ஜெயவேலுவைக் கூப்பிட்டாள் தபீதாள். கிணறு வெட்டுவது, உறை இறக்குவது, தூர் எடுப்பது எல்லாம் அந்த வட்டாரத்தில் ஜெயவேலுதான். அவன் காலையில் இறங்கிச் சேற்றை வாரி மேலே அனுப்பிக்கொண்டிருந்தான். நண்பகலில் உள்ளிருந்து குரல் கொடுத்தான்.

“அக்கா, ஊத்து சோக்கா கீது. கைய வெச்சா தள்ளுது. அப்பறம் எங்கதான் போவுதோ இந்தத் தண்ணி!”

இன்னும் இரண்டு கூடைச் சேறு மேலே வந்தது. பிறகு அவன் குரல் மாறியிருந்தது.

“அக்கா, சார் இப்போ எங்க கீறாரு?”

“ஆபீசுக்குப் போயிருக்காங்க. எதுக்கு ஜெயவேலு?”

“இடுப்பு மட்டும் நின்னுச்சு. நாலு வெரலு எறங்குச்சு. கொஞ்சம் நின்னுச்சு, ஊறுகா தொட்டுக்கினாரு போல. இப்போ மறுபடி நாலு வெரலு.” அவன் பெருமூச்சு விட்டது உறைகளில் மோதி மேலே வந்தது. “நானும் குடிக்கறவன்தான் அக்கா. எனுக்கு இந்தத் தாளம் தெரியும்.”

தபீதாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயவேலு மேலே ஏறி வந்து, கால் கழுவக்கூட அந்தத் தண்ணீரை எடுக்காமல், கூலியில் பாதி போதும் என்று வாங்கிக்கொண்டு போனான். இப்படியாக, அவள் முன்னூறு பேரிடம் மறைத்ததைக் கிணறு தெருவுக்கே சொல்லிவிட்டது.

தெரு இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயில் லேட்டாக வருவது மாதிரி, அரிசியில் கல் இருப்பது மாதிரி, இதுவும் ஒரு தொல்லை. காலையில் வாளி விடும்போதே, நேற்று சார் எத்தனை கிளாஸ் போட்டார் என்று பெண்களுக்குத் தெரிந்துவிடும். சுந்தரவல்லி வீட்டில் காதுகுத்து வந்தபோது, இரண்டு நாள் மட்டும் சாரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், நிறையப் பேர் வருகிறார்கள் என்று மரியாதையாகச் சொல்லியனுப்பினாள். பக்கத்துக் கொல்லையில் அவரைக்காய் போட்டிருந்த துளசிங்கம், தன் கிணற்றுக்கும் இதற்கும் ஒரே ஊற்று என்பதால் மூங்கில் கழியில் கோடு போட்டுத் தினமும் அளந்தார். தனசிங்கை ஸ்டேஷன் வாசலில் மடக்கி, “சார், நீங்க பெரியவங்க. கொஞ்சம் பாத்து. கொடியில பூவெல்லாம் உதிருது” என்றார். தனசிங் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அந்தக் கலக்கத்திலேயே ஏரிக்கரைக்குப் போய் அன்று ஆறு கிளாஸ் குடித்தார்.

தபீதாளுக்குக் கயிறு வாங்குவதே வேலையாயிற்று. முப்பது அடிக் கயிறு எட்டவில்லை என்று பத்தடி வாங்கி முடிச்சுப் போட்டாள். பிறகு இன்னும் ஐந்து அடி. ஜெயவேலு அடியில் தோண்டித் தோண்டி மேலும் பத்து உறை இறக்கினான். அதற்கும் கயிறு நீண்டது. முடிச்சு வரும்போதெல்லாம் ராட்டினம் சிக்கும். அவள் எக்கிப் பிடித்துத் தள்ளிவிட வேண்டும். உள்ளங்கை காய்த்து, ஜாக்கெட் துணியில் பட்டால் நூலை இழுத்தது. பட்டுத்துணி தைக்கக் கொடுத்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். தண்ணீர் இறங்க இறங்க வீடும் காலியாயிற்று. ஒருநாள் பித்தளை அண்டாவைக் காணோம். கேட்டால் தனசிங், ரொம்ப நியாயமான மனுஷர் அல்லவா, “ஊத்தி வைக்கவே தண்ணி இல்ல, அண்டா எதுக்கு தபீதா?” என்றார். அண்டா விலைக்கு வந்த சாராயத்தில் கிணறு மூன்று உறை இறங்கியது. அதனால் தவலைக்கும் வேலையில்லாமல் போயிற்று. தவலை போனதால் குடம் இரண்டு போதும் என்றாயிற்று. ஒன்றை ஒன்று தின்றுகொண்டே போனது. அவளுக்கு எதைப் பிடித்து நிறுத்துவது என்று தெரியாது. மறுபடியும் சீட்டு எழுதலாம் என்று பலதடவை உட்கார்ந்தாள். “சமாதானம் வேண்டும்” என்று ஒருமுறை எழுதினாள். “சரீர சுகத்துக்காக” என்று ஒருமுறை எழுதினாள். ஐயர் அதையும் அப்படியே வாசித்தார்.

எழுபதாம் வருஷம் ஒரு நல்ல காலம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஈஸ்டருக்கு முந்தின நோன்பான லெந்து நாட்கள் தொடங்கிய புதன்கிழமை, தனசிங் தாமாகவே, ஈஸ்டர்வரை தொடமாட்டேன் என்றார். சபையில் காப்பி விடுகிறவர்கள் உண்டு, கறி விடுகிறவர்கள் உண்டு. இவர் இதை விட்டார். முதல் வாரம் கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. தபீதாள் பிடித்துக் குடிக்க வைத்தாள். கிணறு நாளுக்கு ஒரு சாண் ஏறியது. வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறியதைப் பார்க்க ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்துகூட ஆள் வந்தது. நான்கு வருஷமாக அரைவாளியில் அலசிய போர்வைகளையெல்லாம் ஜெயசீலி துவைத்துப் போட்டாள். காய்ந்துபோன செம்பருத்தி துளிர்த்தது. துளசிங்கம் ஒரு கூடை அவரைக்காய் கொடுத்தனுப்பினார். தனசிங் மாலைகளில் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அடிக்குரலில் பாடுவார், கிணறு திருப்பிப் பாடும். அந்த நாற்பது நாளும் தபீதாள் ஒரு தடவைகூடக் கயிற்றின் முடிச்சைத் தொடவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் அவர் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் நின்றது.

“எவ்வளவு நிக்குது பாத்தியா தபீதா? இதுல நாலு விரல் போனா தெரியவா போகுது?”

“நாலு விரலோட நிக்குமாங்க?”

“நான் சொன்னா சொன்னதுதான்.”

சட்டையை மாட்டிக்கொண்டு போனார். ஒரு கிளாஸ்தான் என்று போனவர் ஒரு கிளாஸ்தான் குடித்தார். அதுதான் கொடுமை. மறுநாளும் ஒன்றுதான். நிறைந்த கிணறு இருக்கிற தைரியத்தில் அவர் குடித்ததைப்போல வற்றின கிணற்றை வைத்துக்கொண்டு எப்போதும் குடித்ததில்லை. ஆடிக்குள் அடிச்சேறு தெரிந்தது.

மறுவருஷம் சர்க்கார் மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கடைகளைத் திறந்தது. ஏரிக்கரைவரை நடக்க வேண்டிய சிரமம் தனசிங்குக்கு மிச்சம். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, டிக்கெட் எடுப்பதுபோல வரிசையில் நின்று குடிக்கலாம் என்றாயிற்று. பார்சல் ஆபீசில் ஊரப்பாக்கம் போக வேண்டிய மூட்டைகளை விழுப்புரத்துக்கு அனுப்பினார். இரண்டு முறை எச்சரித்தார்கள், மூன்றாம் முறை சஸ்பெண்ட் செய்தார்கள். பாடகர் குழுவில் அவர் இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பாட்டுப் புத்தகங்களை அடுக்கினார்கள். பெஞ்சு அதிர்வது நின்றது. தையல் மெஷின் ஒரு வியாழக்கிழமை போயிற்று. தபீதாள் அதன்பிறகு கையால் தைத்தாள்.

ஜெயசீலிக்குப் பத்தொன்பது வயதானபோது ஊரப்பாக்கத்திலிருந்து ஜெபசீலன் என்ற வாத்தியார் பையனுக்குக் கேட்டு வந்தார்கள். நல்ல இடம். பெண்ணின் கையெழுத்தைப் பார்த்தே பையனுக்குப் பிடித்துவிட்டதாம். தனசிங் மகள் தலையில் கைவைத்து, மூன்று நாள் சுத்தமாக இருப்பேன் என்றார். மூன்று நாள் இருக்கவும் செய்தார். கிணற்றில் முழங்கால் அளவு ஊறியது. தபீதாள் அதிலிருந்து ஒரு சொம்பு எடுக்க விடவில்லை யாரையும். சமைக்கக்கூடச் சுந்தரவல்லி வீட்டில், அவள் பஞ்சாயத்துக் குழாயில் பிடித்து வைத்ததை வாங்கினாள். வருகிறவர்களுக்கு முதலில் குடிக்கக் கொடுப்பதை மட்டும், சொந்தக் கிணற்றிலிருந்து, அப்போதே இறைத்துக் குளுகுளுவென்று கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவ்வளவுதான் அவளிடம் மிச்சமிருந்த கௌரவம். அன்று காலை தனசிங்குக்கு ஷேவ் செய்யும்போது கை நடுங்கியது. முகத்தை வெட்டிக்கொண்டு சம்பந்தியை எப்படிப் பார்ப்பது என்று, கை நிற்பதற்காக மட்டும், கடைக்குப் போய்வந்தார். அரை மணி நேரம்தான், ஆறு கிளாஸ். சுத்தமாக ஷேவ் செய்து, பவுடர் போட்டு, வாசலில் நின்று வரவேற்றார்.

பையனின் அப்பா வெயிலில் நடந்து வந்தவர். நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டே, “முதல்ல கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?” என்றார்.

தனசிங்கின் முகம் மலர்ந்துவிட்டது. குனிந்து அவர் காதருகில், “இங்க பொம்பளைங்க இருக்காங்க. பின்பக்கமா வாங்க, வாங்கி வச்சிருக்கேன்” என்றார்.

அந்த வாடையில் வந்தவர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார். அதே சமயம் கொல்லையில் தபீதாள் வாளியை இழுத்தாள். ஐம்பத்தைந்து அடிக் கயிறு, ஒன்பது முடிச்சு. மேலே வந்த வாளியில் கரிய சேறும் ஒரு தவளையும் இருந்தன. வந்தவர்கள் யாரையும் குறை சொல்லவில்லை. சோடா வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்கு, பரவாயில்லை, ரயிலுக்கு நேரமாயிற்று என்றார்கள். ஜெயசீலி அழவில்லை. தவளையை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எடுத்துப்போய்த் துளசிங்கத்தின் கொல்லையில் விட்டுவிட்டு வந்தாள். இரண்டு மாதத்தில் நர்ஸ் படிப்புக்கு எழுதிப் போட்டு வேலூருக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் போய்வருகிறேன் என்று சொன்னாள், வருவேன் என்பதுபோல அதைச் சொல்லவில்லை.

தாயும் மகளும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். “அம்மா, கிணறு எப்படி இருக்கிறது?” என்று அவள் கேட்பாள். “இரண்டு உறை” என்று இவள் எழுதுவாள். “அரை உறை.” “ஈரம் மட்டும் இருக்கிறது.” அப்பா என்ற வார்த்தையை இருவருமே எழுதவில்லை. “தண்ணி நின்றதும் எனக்குத் தந்தி கொடு, அன்றைக்கே புறப்பட்டு வருகிறேன்” என்று ஒரு கடிதத்தின் அடியில் ஜெயசீலி எழுதியிருந்தாள். தபீதாள் அதை மட்டும் கிழித்தெடுத்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

எழுபத்து நாலில் சர்க்கார் கடைகளை மறுபடி மூடியது. இனி நின்றுவிடும் என்று தபீதாள் நம்பினாள். ஏரிக்கரையில் கிளியம்மாள் மறுபடி பானை புதைத்தாள். ஆனால் இப்போது பானைக்குள் இருந்தது பழைய சரக்கு இல்லை. நாற்காலிக்குப் பூசுகிற வார்னிஷில் எதையோ கலந்து விற்றார்கள். அந்த வருஷம் கிணற்றில் ஈரமும் போயிற்று. அடியில் இருந்த மண் வெடித்து, வெடிப்புக்குள் வாளி சிக்கியது. தெருப் பெண்கள் பஞ்சாயத்துக் குழாய்க்குப் போனார்கள். தனசிங்கின் சட்டை அவர்மேல் கொடியில் காய்வதுபோலத் தொங்கியது. ஒருநாள் அவர் தபீதாளின் காய்த்த உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “என்னால முடியல தபீதா. யாராவது என்னைப் பிடிச்சு நிறுத்துங்களேன்” என்றார். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனுஷனை எட்டு வருஷத்தில் ஒரு நாளாவது வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயர் விண்ணப்பச் சீட்டுகளை வாசித்து முடித்ததும், தபீதாள் எழுந்து நின்றாள். இந்தத் தடவை முழுவதுமாக நின்றாள். ஆர்மோனியக்காரர் கட்டையில் கைவைத்தார். அவள் கையை உயர்த்தியதும் எடுத்துவிட்டார்.

“ஐயா, எட்டு வருஷத்துக்கு முந்தி நான் ஒரு சீட்டு போட்டேன். தண்ணி நிக்கணும்னு எழுதினேன். அது கிணத்துத் தண்ணி இல்லீங்க. என் வீட்டுக்காரர் குடிக்கிறாங்க. சாராயம் குடிக்கிறாங்க. அது நிக்கணும்னுதான் கேட்டேன்.”

 இது முன்னூறு பேருக்கும் ஏழு வருஷமாகத் தெரிந்த சங்கதி. தெரியாதவர் வேதசிரோமணி ஐயர் ஒருவர்தான். அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்துக்கொண்டு, தப்பு என்னுடையது அம்மா என்றார். பிறகு முழங்கால்படியிட்டுக் கேட்டார். ஈசாக்கு இல்லை, மோசே இல்லை. ஆண்டவரே, இந்த வீட்டில் அது இன்றைக்கே நிற்கட்டும் என்று ஒரே வரி. முன்னூறு பேரும் ஆமென் சொன்னார்கள். அடிக்குரல் ஆமென் இல்லாமல் அது மெலிந்து கேட்டது.

அவள் வீடு திரும்பியபோது ஜெயவேலுவும் இன்னொருவனும் தனசிங்கைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் ஐந்து பேர் விழுந்துவிட்டார்களாம். “சாருக்குக் கண்ணு தெரிலயாம் அக்கா. எல்லாம் வெள்ளையா கீதாம். நீ பாத்துக்க, நான் வண்டி புடிச்சாறேன், ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிர்லாம்” என்று ஜெயவேலு ஓடினான். அவரைப் பாயில் படுக்கவைத்தாள். அவர் உதடு வெடித்திருந்தது.

“தண்ணி” என்றார்.

எட்டு வருஷமாக அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம். தபீதாளுக்கு உச்சிவரை எரிந்தது. “இன்னுமாங்க? இந்த நிலைமையிலுமா?” என்று கத்தினாள்.

“இல்ல தபீதா. குடிக்கிற தண்ணி.” அவருக்கே அது சரியாக வரவில்லை என்று தெரிந்தது. தலையை ஆட்டினார். “சும்மாத் தண்ணி.”

ஞாயிற்றுக்கிழமை குழாய் வராது. முதல்நாள் பிடித்த குடம் காலையிலேயே தீர்ந்திருந்தது. அவள் புத்தி பேதலித்து, சுந்தரவல்லி வீட்டுக்கு ஓட வேண்டியவள், கைப்பழக்கத்தில் கிணற்றடிக்கு ஓடினாள். வாளியை விட்டாள். கயிறு ஓடியது, முடிச்சு முடிச்சாக ஓடியது. கடைசி முடிச்சுக்கு முன்னாலேயே கயிறு தொய்ந்தது. வாளி எதிலோ மிதந்தது. எட்டிப் பார்த்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. உறை உறையாக, அவசரமே இல்லாமல், ஒருவர் படியேறி வருவதுபோல வந்தது. அவள் கயிற்றை இழுக்க இழுக்க, இழுப்பதற்குக் கயிறு இல்லாமல் போயிற்று. சுவர் விளிம்புவரை வந்து தளும்பியது. அவள் சொம்பால் மொண்டுகொண்டு உள்ளே ஓடியபோது தனசிங் போயிருந்தார். அவருடைய உதட்டில் ஊற்றினாள். வழிந்து பாய் நனைந்தது.

நின்றுவிட்டது. இரண்டு ஜெபங்களுமே கேட்கப்பட்டுவிட்டன. பாயருகில் உட்கார்ந்திருந்தபோது தபீதாளுக்கு ஒன்று உறைத்தது. தண்ணி நிற்க வேண்டும் என்று கேட்டாள். எட்டு வருஷத்தில், எந்தச் சீட்டிலும், மனுஷர் நிற்க வேண்டும் என்று அவள் எழுதியிருக்கவில்லை. யாரும் ஆமென் சொல்லியிருக்கவில்லை.

தந்தி ஆபீசுக்கு அவளே போனாள். அப்பா இறந்துவிட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தாள், வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். “தண்ணி நின்றது, புறப்பட்டு வா.” கவுண்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “இன்னாம்மா, தண்ணி நின்னதுக்கெல்லாமா தந்தி குடுப்பாங்க?” என்று கேட்டுக்கொண்டே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அடித்தார்.

ஜெயசீலி மறுநாள் மத்தியானம் வந்தாள். தெருமுனையிலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிணறு வழிந்து வாசலைத் தாண்டித் தெருவில் கணுக்கால் அளவு நின்றது, செம்பருத்தி வேரெல்லாம் நனைந்திருந்தது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி அதில் சளக் சளக்கென்று நடந்து வந்தாள். வாசலில் கூட்டத்தைப் பார்த்து, கிணற்றைப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தாள். ஒரு கையில் காகிதப் பொட்டலம். வழியில், வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில், முதல் தடவையாக அப்பாவுக்கென்று அவள் எடுத்த வெள்ளைச் சட்டைத் துணி. “அம்மா, எப்பம்மா நின்னுது? அப்பா எங்கே?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தாள். தபீதாள் எழுந்துவந்து, அந்தப் பொட்டலத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அந்தத் துணியிலேயே சட்டை தைத்துப் போட்டு அடக்கம் செய்தார்கள். தபீதாள்தான் கையால் தைத்தாள். கிணறு அதன்பிறகு ஒரு கோடையிலும் இறங்கவில்லை. எழுபத்தைந்தில் ஊரே குடத்தோடு அலைந்தபோது முடிச்சூர் ரோடுவரை வரிசை நின்றது. யாரையும் அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை. கயிறு தேவைப்படாததால் அதை ஜெயவேலு கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நல்ல தண்ணீர், பருப்பு ஒரு கொதியில் வெந்துவிடுகிறது என்று சுந்தரவல்லி சொல்வாள். தபீதாள் மட்டும் காலை ஐந்தரைக்கு இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக் குழாயடியில் போய் நிற்பாள். வீட்டில் கிணறு தளும்ப இவள் ஏன் இங்கே வருகிறாள் என்று முதல் வாரம் சிலர் கேட்டார்கள். அப்புறம் கேட்கவில்லை, அவளுக்கென்று வரிசையில் ஓர் இடம் விட்டுவிடுவார்கள்.